பண்ணைக் கம்ப்யூட்டர் லாகின் கேக்குது

ஹலோ... ம், சத்யாதான். சொல்லுங்க... என்னது, கோழி ஷெட்டுல ஃபேன் நின்னுபோச்சா? ஐயோ, இந்த வெயில்ல கோழி தாங்காதுங்களே!... இருங்க, இருங்க, கத்தாதீங்க. ஃபேன ஓட்டற கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல என்ன இருக்குது?... கறுப்பா... லாகின்னு மட்டும் நிக்குதா? அது ரிப்பேர் இல்லீங்க. கம்ப்யூட்டர் எந்திரிச்சு, உள்ள வாரது யாருன்னு கேக்குது. பேரை அடிச்சு என்டர் தட்டுங்க...

ஆமா... ஆமாங்க, பண்ணைன்னுதான், இங்கிலீஷ்ல. எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எழுத்துல அடிச்சா வேற ஆளுன்னு நெனச்சுக்கும்...

பாஸ்வேர்டு கேட்டுருச்சா? அதுக்காகப் பேரு சரின்னு நெனச்சுக்காதீங்க. இல்லாத பேரைக் குடுத்தாலும் கேக்கும்... எதுக்குன்னா, யாரு இருக்கறாங்க, யாரு இல்லைன்னு கண்டவனுக்கும் காட்டிக்குடுக்காது, அவ்வளவுதான்...

ஒண்ணுமே விழுகலியா? விழுகாதுங்க. புள்ளி கூட வராது. பக்கத்துல நிக்கறவன் எத்தன எழுத்துன்னு எண்ணிரக் கூடாதுல்ல? அது பாட்டுக்கு உள்ள போயிட்டுத்தான் இருக்கும். நம்பி அடிங்க...

தப்புன்னுருச்சா? எது தப்புன்னு சொல்லாதுங்க. பேரா, பாஸ்வேர்டான்னு நாமளேதான் மண்டைய ஒடச்சுக்கோணும். கோவிச்சுக்கும், காரணம் சொல்லாது. உங்களாட்டவே... சரி சரி, உடுங்க. அந்தச் சண்டைய இப்ப எடுக்கல. எனக்குத் தெம்பும் இல்ல. மறுக்கா லாகின்னு வரும், பொறுமையா அடிங்க...

உள்ள போயிருச்சா? அப்பாடா! என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க... ம்... லாஸ்ட் லாகின்... இன்னைக்குக் காலைலயா?

இருங்க. இதுக்கு முன்னால உள்ள வந்தது எப்பன்னு அது சொல்லுது. காலைல யாரு வந்தது? வேலைக்கு வார பூபதிக்குப் பாஸ்வேர்டு தெரியாது. நான் ஒரு மாசமா ஜலகண்டாபுரத்துல எங்கம்மா ஊட்ல கெடக்கறேன். மிச்சம் நீங்க ஒருத்தர்தான்...

அப்ப எல்லாம் தெரிஞ்சுட்டேதான் எங்கிட்ட கேட்டீங்களா? ஏனுங்க, அப்ப ஃபேன்?... ஓடுதா? நிக்கவே இல்லியா? கோழியெல்லாம் செத்துருமேன்னு நான் இங்க பதறிட்டுக் கெடக்கறேன்...

ம்... ம்... என்ற குரலக் கேக்கறதுக்கா? அதுக்கு இத்தன பொய்யா? நான் இந்தப் போனையே பாத்துட்டு எத்தன நாளு உக்காந்திருந்தேன் தெரியுமா? கட்டுன பொண்டாட்டிய வான்னு கூப்பிடறதுக்கு என்னங்க?... கோழிய உடுங்க, ஃபேன உடுங்க. இப்பச் சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்...

ஹலோ?... ஹலோ?... வெச்சுட்டாரு.