லிஃப்ட்டில் வைத்த பிணம்

"நம்ம லிஃப்ட்டுலதாங்க அந்தப் பொணத்தை வெச்சேன்."

கொல்கத்தாவின் கரியாஹாட் ஆட்டோ வரிசையில் தமிழ் கேட்டுத் திடுக்கிட்டேன். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய தம்பதி.

"உன் வாட்ஸ்அப் குரூப்புக்கு எழுதுன பேய்க்கதையா?"

"ஆமா. அங்க யாரும் 'சூப்பர்'னு போடக்கூடாது. பயந்தா, எதைச் செய்யறதை விட்டுட்டோம்னு மட்டும் சொல்லணும். ஒன்பது பேர் லிஃப்ட்டுல போறதையே விட்டுட்டாங்களாம்!"

"குரூப்புல இருக்கிறதே பதினாலு பேர். அதுக்கா இவ்வளவு பெருமை?"

"முழங்கால் வலியோட நீங்க ஏன் மூணு நாளா நாலு மாடியும் படியேறி வர்றீங்க?"

ஆட்டோ வந்தது. மனைவியை முதலில் ஏற்றிவிட்ட அவர், ஓட்டுநரிடம் வங்க மொழியில் உரக்கச் சொன்னார்:

"பார்த்து ஓட்டுங்க. உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்க எழுத்தாளர்."