தாயம்மாவுக்குப் போட்ட ஊசி

இந்த நாற்காலியே போதும், இன்ஸ்பெக்டர். பதினெட்டு வருஷம் வார்டில் நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்காரக் கிடைத்ததே சுகம்தான். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'வருந்துகிறேன்' என்று மட்டும் நீங்களாகச் சேர்த்துவிட வேண்டாம். சேர்த்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜெராமுக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டராக இருந்தேன். லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளிச் சனங்களுக்குப் பெரிய மிஸி. புதிதாக வரும் தாதிகளைப் பழக்குவது என் பொறுப்பு. தொப்பிக்குக் கஞ்சி போடுவதிலிருந்து, டாக்டர் கத்தினால் கண்ணீர் விடாமல் நிற்பது வரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் பழகிய பதினோரு பேர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

ரமணி 1979இல் வந்தாள். பால்மரம் வெட்டும் சன்னாசியின் மகள். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என் வீட்டில்தான் இருந்தாள். நான் ஆக்கியதைத்தான் சாப்பிட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு தவறும் செய்யவில்லை. அது நல்லது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. தவறே செய்யாத தாதிக்குப் பயம் தெரியாது. பயம் தெரியாதவளை நம்பி ஒரு வார்டை எப்படி விடுவது?

எண்பத்திரண்டில் தாதியர் பயிற்றுநர் படிப்புக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓர் இடம் வந்தது. டாக்டர் ரமணியின் பெயரை எழுதினார். அதற்கு முன் நான் இரண்டு தடவை விண்ணப்பித்திருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவள் ஒருமுறையாவது அடிபட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் தாயம்மா காலில் சீழ் பிடித்து வந்து சேர்ந்தாள். புல் வெட்டுகிறவள். அவளுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அவளுடைய பழைய நோயாளி அட்டையில் அதைச் சிவப்பு மையில் எழுதியவளே நான்தான். அன்று காலை அவளுக்குப் புது அட்டை எழுதினேன். அந்த வரியை மட்டும் எழுதவில்லை. டாக்டர் அட்டையைப் பார்த்துப் பெனிசிலின் என்று குறித்துவிட்டு, சபாக் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிவரக் கிளம்பிப் போனார்.

நான் கொலைகாரி இல்லை. முறிவு மருந்தை ஊசியில் ஏற்றி என் பாக்கெட்டில் வைத்திருந்தேன். தாயம்மாவுக்கு மூச்சு முட்டும், ரமணி பயந்து அழுவாள், நான் வந்து ஊசி போடுவேன், கொஞ்ச நேரத்தில் தாயம்மா எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பாள். இப்படித்தான் நினைத்திருந்தேன்.

ரமணி பெனிசிலின் போட்டாள். நான் முறிவு மருந்தைப் போட்டேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பதினொரு மணிக்குத் தாயம்மா இறந்தாள்.

நிர்வாகம் விசாரித்தபோது ரமணியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஊசி போடுவதற்கு முன், பெனிசிலின் போடலாமா என்று என்னைக் கேட்டதாக அவள் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேக்கலம்மா. பதட்டத்துல அப்படித் தோணும்," என்றேன். பிறகு எல்லோரிடமும், மனுஷர்கள் தவறுவது இயல்பு, இந்தப் பெண்ணை வேலையைவிட்டு நீக்காதீர்கள் என்று கெஞ்சினேன். யாரும் நீக்கவில்லை. அவளாகத்தான் எழுதிக்கொடுத்துவிட்டு, செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனாள். தீபாவளிக்குத் தீபாவளி ஆறுதலாக ஒரு கடிதம் போட்டேன். வேறு எந்த சிஸ்டர் அப்படிச் செய்வாள்?

அந்தப் பயிற்றுநர் படிப்பு இடம் சும்மா போகக்கூடாதே என்று நான் போய்ப் படித்தேன். இப்போது வருஷத்துக்கு முப்பது தாதிகள் என்னிடம் படிக்கிறார்கள்.

போன மாதம் ரமணி என் வீட்டுக்கு வந்தாள். கூடவே தங்கமணி. அன்றைக்குத் தாயம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள். ஜெராம் மீன் சந்தையில் இருவரும் பார்த்துக்கொண்டார்களாம்.

"இந்தப் புள்ள கேட்டுச்சு மிஸி. நீங்கதான் 'கார்ட்ல ஒண்ணும் இல்லியே, போடு'ன்னீங்க. என் காதால கேட்டேன்லா. அப்ப எங்கள யாரு விசாரிச்சா?" என்றாள் தங்கமணி.

ரமணி, "ஆறு வருஷமா நான் கேக்கலன்னே நம்பிட்டேன் சிஸ்டர். உங்க மேல அவ்வளவு நம்பிக்க," என்றாள். "அந்த மருந்து எப்படி உங்க பாக்கெட்ல ரெடியா இருந்துச்சு?"

சரியான கேள்வி. சொல்லப்போனால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நோயாளியை மட்டும் பார்க்காதே, சுற்றி இருப்பதையும் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

இன்னொன்றும் கேட்டாள். ஏன் தாமதம் என்று. அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தடி தூரத்தில்தான் நின்றேன். தாயம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். ரமணி அவளைச் சமமாகப் படுக்கவைத்தாள், காலை உயர்த்தினாள், ஆக்சிஜனைத் திறந்தாள். எந்த மருந்து, எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் தெளிவாகச் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்த ஒன்றைக்கூட விடவில்லை. குரல்கூட உடையவில்லை.

அவள் அழட்டும் என்று காத்திருந்தேன்.