மூன்று குழி ரொட்டி

எவாந்தியா: இதோட முப்பத்தெட்டு தடவை சுக்கானைத் திருப்பிப் பாத்தாச்சு அண்ணே. நீங்க கையெழுத்துப் போட்டா கப்பல் கிளம்பும்.

ஸ்ட்ராடோஸ்: இன்னும் ஒரு தடவை. இடது பக்கம்.

எவாந்தியா: திரும்பிருச்சு.

ஸ்ட்ராடோஸ்: எப்போ?

எவாந்தியா: நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள.

ஸ்ட்ராடோஸ்: சத்தமே காணோமே... இருபது வருஷம் இந்தப் போர்க்கப்பல்ல, சுக்கானைத் திருப்புற பழைய எண்ணெய் பம்ப்போட கூச்சல்ல குடித்தனம் பண்ணவன்மா நான். உங்க மின்சார மோட்டார் புது மாப்பிள்ளை மாதிரி வாயே திறக்க மாட்டேங்குது.

எவாந்தியா: பழசு கூச்சலோட நின்னுச்சா? ஒழுகினதைப் பிடிக்க எத்தனை காப்பி டப்பா வச்சிருந்தீங்க?

ஸ்ட்ராடோஸ்: ஏழு.

எவாந்தியா: நேத்து புது மோட்டாருக்கு அடியிலயும் ஒண்ணு பாத்தேன்.

ஸ்ட்ராடோஸ்: அது... பழக்க தோஷம்.

எவாந்தியா: இப்ப என்ன பண்றீங்க? ஒயர் மேல எதுக்கு உள்ளங்கையை ஓட்டுறீங்க?

ஸ்ட்ராடோஸ்: கசிவு ஏதாவது...

எவாந்தியா: இதுல எண்ணெயே இல்லைண்ணே. ஒரு சொட்டுகூட இல்லை.

ஸ்ட்ராடோஸ்: இல்லைதான்... மாதாவே, உனக்கு நன்றி.

எவாந்தியா: அப்புறம் கையெழுத்துக்கு ஏன் இந்தத் தயக்கம்?

ஸ்ட்ராடோஸ்: பழசுக்கு ஒரு தடவை ‘சரியா இருக்கு’ன்னு போட்டேன். மறுநாளே ஒரு பையன் கை போகப் பாத்துச்சு. குழாய்ல ஊசிமுனை ஓட்டை, கண்ணுக்கே தெரியாது. அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே ஏறிடும். ‘முள்ளு குத்துன மாதிரிதான்’னு சிரிச்சான் அவன்...

எவாந்தியா: சரி, சாப்பிட்டுப் பேசுவோம். நோன்பு தொடங்குற சுத்தத் திங்கள், ஊரே லீவு, நம்ம ரெண்டு பேரை மட்டும் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இந்தாங்க, இன்னிக்குன்னே சுடுற லகானா ரொட்டி. ஆலிவ் காயும் இருக்கு.

ஸ்ட்ராடோஸ்: வீட்ல சுட்டதா? விரல் பதிச்ச குழியெல்லாம் அழகா... இந்தப் பக்கம் வரிசைக்கு நாலு குழி. அந்தப் பக்கம் மூணு மூணா இருக்கு. யாரும்மா பிசைஞ்சது?

எவாந்தியா: எங்க வீட்டுக்காரர்.

ஸ்ட்ராடோஸ்: பேரு?

எவாந்தியா: ஆர்கிரிஸ். வலது கையில ஒரு விரல் கிடையாது. மிச்சத்தைக் காப்பாத்திக் குடுத்தது நீங்க. சிரிச்சிட்டிருந்தவரைச் சட்டையைப் பிடிச்சுப் படகுல ஏத்தி, பிரேயஸ் ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேத்தீங்களாம். இந்தக் கப்பலுக்குத்தான் முதல்ல மின்சார மோட்டார் வைக்கணும்னு மூணு மாசம் எங்க கம்பெனி ஆபீஸ்ல சண்டை போட்டேன். வேலை முடிஞ்சதும் நன்றி சொல்லணும்னு இருந்தேன்.

ஸ்ட்ராடோஸ்: பேனாவைக் குடுங்கம்மா. ம்... போட்டாச்சு. ஆனா அந்த நன்றி எனக்குச் சேராது. ‘குழாய்ல கையை வச்சுத் தடவிப் பாருடா’ன்னு அவனை அனுப்புனவனே நான்தான். அவன் சொல்லலையா?

எவாந்தியா: பதினோரு வருஷமாச் சொல்லலை. ‘நானாத்தான் போய்க் கை வச்சேன்’னுதான் சொல்லிட்டிருக்கார்... ரொட்டியைச் சாப்பிடுங்கண்ணே. உங்களுக்குன்னுதான் காலைல எழுந்து பிசைஞ்சார்.