மூன்றாவது முனை

– கண்ணீர் அஞ்சலின்னு பிளெக்ஸ் போட்டா அடியில தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி போடோணும் அன்பு. அதான் வழக்கம். ரெண்டு பேருல யாரு செத்தது?

– யாரும் சாகலீங்க்கா. பிரிஞ்சு போயிட்டாங்க.

– பிரிஞ்சதுக்கா கண்ணீர் அஞ்சலி? இருவது வருசமா இந்தக் காந்திபுரத்துல பிளெக்ஸ் அடிக்கறேன். காதுகுத்துக்கு அடிச்சிருக்கேன். நாய் செத்ததுக்கு அடிச்சிருக்கேன். ஒருத்தரு ஆஸ்பத்திரியில இருந்து ஊடு திரும்புனதுக்கு வரவேற்பு அடிச்சிருக்கேன். பாட்டுக்கோஷ்டி பிரிஞ்சதுக்கு இதுதான் மொதத் தடவ.

– மேடம், பாட்டுக்கோஷ்டி கெடையாது. எலக்ட்ரானிக் டுவோ, ரெண்டே பேரு. அவங்க பாட மாட்டாங்க. ஒலியச் செதுக்குவாங்க.

– இந்தத் தம்பி யாரு அன்பு?

– ஆல்வினுங்க்கா, போத்தனூரு. மும்முனை ரசிகர் மன்றத்துச் செயலாளரு. நான் தலைவரு.

– மத்தவங்கெல்லாம்?

– மத்தவங்க இப்பத்திக்கு வேலையா இருக்காங்க.

– சரி. செதுக்கறதுன்னா என்ன தம்பி?

– ஆக்சுவலி மேடம், தறிச் சத்தம், கெணத்து மோட்டார் சத்தம், பொள்ளாச்சி பஸ்ஸோட ஏர்ஹாரன், இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சிதைச்சு, மறுபடி கட்டி எழுப்புவாங்க.

– எங்க வீதியில சும்மாவே கேக்குதே.

– கேக்குது. ஆனா நீங்க அத உணரறதில்ல.

– மத்தியானம் சித்தெ கண்ணசந்தா நெம்ப நல்லா உணர்றேன் கண்ணு. அது கெடக்கட்டும். ரெண்டு பேருக்கு எதுக்கு மும்முனைன்னு பேரு? மும்முனைங்கறது தோட்டத்து மோட்டாருக்கு உடற கரண்டல்ல?

– அதேதானுங்க்கா. வெங்கடபதி அண்ணன் ஒரு முனை, நஞ்சுண்டன் அண்ணன் ஒரு முனை. நிகழ்ச்சி முடியறப்போ ரெண்டு பேரும் மைக்குல ஒண்ணாச் சொல்லுவாங்க, 'மூணாவது முனை நீங்கதானுங்க'ன்னு.

– ஆரப் பாத்து? கூட்டத்தப் பாத்தா, உங்களப் பாத்தா?

– நான் முன்னால நிப்பேனுங்க.

– போன தடவ வந்தப்போ 'மும்முனையில மூணாவது ஆளு நான்தானுங்க'ன்னு சொன்னீங்களே. நான் உங்களையும் மேடையில பொட்டி தட்டற ஆளுன்னல்லோ நெனச்சேன்.

– சும்மா சொல்லலீங்க்கா. அவிய ரெண்டு பேரும் மொதமொத தொண்டாமுத்தூர் வந்தது என்ற தோட்டத்துக்குத்தானுங்க. யானை வந்தா டின்னு தட்டி ஓட்டுவோமல்லங்க, அந்தச் சத்தம் வேணும்னு மெஷினெல்லாம் தூக்கீட்டு வந்தாங்க. மூணு நாளு வரப்புலயே உக்காந்து, எங்க சோத்தத்தான் தின்னாங்க. அப்பறம் அந்தச் சத்தத்த வெச்சு ஒரு பாட்டுப் போட்டு, அதுக்கடியில 'டின்: அன்புமணி, தொண்டாமுத்தூர்'னு பேரும் போட்டாங்க.

– அட, டின்னு தட்டுனது நீங்களா?

– அது... காவலுக்கு ஒரு ஆளு இருக்கானுங்க. தட்டுனது அவன். பேரு மட்டும் என்றது.

– மேடம், அது சாதாரண டின் இல்ல. மனுசனுக்கும் விலங்குக்கும் நடுவுல இருக்கற பதற்றத்த ஒரே தாளத்துல...

– யானை என்ன பண்ணுச்சு அன்பு, அந்தப் பாட்டக் கேட்டு?

– ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தமுங்க. ஓடலீங்க. நின்னு காத ஆட்டிக்கிட்டே ஒரு தென்னையத் தின்னுபோட்டுப் போச்சு.

– பரவால்ல, ஒரு ரசிகரு கூடியாச்சு. சரி, எதுக்குப் பிரிஞ்சாங்களாம்?

– அதுதானுங்க்கா தெரியல. நாப்பது நாளாச்சு. செல்லுல ரெண்டே வரி போட்டாங்க. 'மும்முனை இனி இல்லை. நன்றி.' அவ்வளவுதான். யாரக் கேட்டாலும் ஒண்ணும் தெரியல. தூக்கமே வாரதில்லீங்க.

– ஆக்சுவலி எனக்குத் தெரியும். அந்த 'இல்லை'க்குப் பொறகு ஒரு புள்ளி வெச்சிருக்காங்க பாத்தீங்களா? அதுக்கு முன்னால அவங்க எதுலயும் புள்ளி வெச்சதேயில்ல. வெங்கடபதி மௌனத்த நோக்கிப் போயிட்டிருந்தாரு. நஞ்சுண்டன் அதிர்வ நோக்கிப் போனாரு. இந்த அழகியல் விரிசல் மூணு வருசமா இருக்கு. மூவாயிரம் வார்த்தையில கட்டுரையா எழுதியிருக்கேன். நாலு மணிக்கு வெளியாகுது.

– அந்த ரெண்டு பேருகிட்டக் கேட்டுட்டு எழுதுனியா கண்ணு?

– கலைஞன்கிட்டக் கேக்கக்கூடாது மேடம். அவனுக்கே தெரியாது.

– நீங்களாவது கேட்டீங்களா அன்பு?

– கேட்டனுங்க. வடவள்ளியில வெங்கடபதி அண்ணன் ஊட்டுக்குப் போனேன். காப்பியெல்லாம் குடுத்தாங்க. என்னங்கண்ணா ஆச்சுன்னேன். 'அவருக்குத் தனியா நிக்கோணும்னு இருக்குதுங்க. நின்னுக்கட்டும்'னு சொன்னாரு. பாதிக் காப்பியோட எந்திரிச்சு வந்துட்டேன்.

– இதுல எந்திரிச்சு வாரதுக்கு என்ன இருக்குது?

– 'அவரு'ன்னு சொன்னாருங்க்கா. பத்து வருசமா டேய், வாடா, போடான்னு பேசுன ஆளுக. சண்டை போட்டாலும் பரவால்ல, கெட்ட வார்த்தையில வைஞ்சாலும் பரவால்ல. நம்ம பக்கத்துல ஒருத்தரு திடீர்னு மரியாத குடுத்தா அப்பறம் ஒட்டவெக்க முடியுங்களா?

– அது நெசந்தான். என்ற நாத்தனா என்னைய 'வாங்க, போங்க'ன்னு ஆரம்பிச்சுப் பன்னெண்டு வருசமாச்சு. இன்னும் பேச்சில்ல. அப்பறம்?

– அப்பறம் சத்தியமங்கலம் போய் நஞ்சுண்டன் அண்ணனப் பாத்தேன். அவரும் எளநி வெட்டிக் குடுத்துட்டு அச்சு அசலா அதையேதான் சொல்றாருங்க. 'அவருக்குத் தனியா நிக்கோணும்னு இருக்குதுங்க, நின்னுக்கட்டும்.' இவரு அவரச் சொல்றாரு, அவரு இவரச் சொல்றாரு. அப்ப தனியா நிக்கோணும்னு சொன்னது யாருங்க? ரெண்டு பேரும் இன்னொண்ணும் சொன்னாங்க. 'பொள்ளாச்சியிலயே தெரிஞ்சு போச்சு'ன்னு.

– பொள்ளாச்சியில என்ன நடந்துச்சு?

– ஒண்ணுமே நடக்கலீங்க்கா. அவியளோட கடைசி நிகழ்ச்சி அதுதான். கொப்பரைக் குடோனுல வெச்சோம். நல்ல கூட்டம். வாசல்ல உங்ககிட்ட அடிச்ச இருவதடி பிளெக்ஸு. ரெண்டு பேரும் வந்து எறங்கி, அத அண்ணாந்து பாத்துட்டு, உள்ள போய் வாசிச்சாங்க. ஆனா முடிக்கறப்போ 'மூணாவது முனை நீங்கதானுங்க'ங்கறத மட்டும் சொல்லாம எறங்கிட்டாங்க. மறந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

– அது மறதி இல்ல தலைவரே. மௌனம். கட்டுரையில ரெண்டாவது பகுதி முழுசும் அதான்.

– தம்பி, நீ சித்தெ அந்த மௌனத்துலயே இரு. இன்னைக்கு என்ன கூட்டம் அன்பு?

– சிங்காநல்லூர்ல ஒரு சின்ன மண்டபமுங்க. அஞ்சு மணிக்கு. ரெண்டு பேரும் வாராங்க.

– அப்பறமென்ன, ரெண்டு பேரும் வந்தாச் சரியாப் போச்சு.

– இல்லீங்க்கா. வெங்கடபதி அண்ணன்கிட்ட 'நஞ்சுண்டன் அண்ணன் வரமாட்டாருங்க, நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க'ன்னு சொல்லியிருக்கேன். நஞ்சுண்டன் அண்ணன்கிட்ட அதையே திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கேன்.

– அடப்பாவி மனுசா.

– வேற வழி தெரியலீங்க. அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வாசல்ல நேருக்கு நேரா நிப்பாங்க. அப்ப நான் என்ன சொல்றது? எதுக்குப் பிரிஞ்சாங்கன்னு தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்? ஒண்ணும் சொல்லாம நின்னா, ஆளுக்கொரு கும்புடு போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. அப்பறம் எங்கீங்க சேருவாங்க? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதானுங்க்கா. வேற எங்கயும் என்ற பேரு போட்டதில்ல.

– சரி சரி, கண்ணத் தொடைங்க. கண்ணீர் அஞ்சலியெல்லாம் வேண்டாம், அந்தப் பேச்சே எடுக்காதீங்க. 'வருக வருக'ன்னு போடலாம். போட்டோ இருக்குதா?

– ரெண்டு பேரும் சேந்திருக்கறது உங்ககிட்டயே இருக்குமுங்க. பொள்ளாச்சிக்குக் குடுத்தமே.

– இருங்க, பாக்கறேன். இதோ பொள்ளாச்சி. தெறந்துருச்சு. நடுவால நீங்க. வெள்ளைச் சட்டை, கும்புட்ட கை, பதிமூணடி ஒசரம். வெங்கடபதி இந்தக் கடைசியில ஆறடி, நஞ்சுண்டன் அந்தக் கடைசியில ஆறடி. உங்க ரெண்டு பக்கத்துலயும் காவலுக்கு நிக்கறாங்களாட்ட இருக்குது.

– தலைவர் படம் பெருசா இருக்கறதுதான் மன்றத்து மரபு மேடம்.

– அதச் சொல்லல தம்பி. ரெண்டு பேரும் இத்தனை தூரத்துல நிக்கறாங்கல்ல. அவிய ரெண்டு பேருக்கும் குடுத்தது ஒரே போட்டோ. தோள்ல கை போட்டுக்கிட்டு சிரிச்சுட்டு நின்னாங்க. நடுவால ஒரு ஆளு நின்னான். அன்புதான், 'அந்த ஆளத் தூக்கிப்போடுங்க, தோட்டத்து வாச்மேனு, குறுக்கால வந்துட்டான்'னு சொன்னாரு. தூக்குனேன். தூக்குனா ரெண்டு பேரு கையும் அந்தரத்துல நிக்குது. அப்பறம் கைய வெட்டி, ஆள இக்கட்ட ஒண்ணு அக்கட்ட ஒண்ணு தள்ளி, வெட்டுனது தெரியாம இருக்க ரெண்டு தென்னம்பாளை வெச்சு மறைச்சேன். நெம்ப நேரமாச்சு அதுக்கு.

– நல்லாத்தானுங்க வந்திருந்துச்சு.

– வந்திருந்துச்சு. அதான் அடுத்த திங்கக்கெழம பிளெக்ஸ் அடியில கடைப் பேரப் பாத்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்தாங்களே.

– யாருங்க்கா?

– இவிய ரெண்டு பேரும்தான். ஒண்ணா இல்ல. மீசைக்காரரு காலையில, கண்ணாடிக்காரரு மத்தியானம். பிளெக்ஸ்ல பாத்த மொகமாச்சேன்னு டீ வாங்கிக் குடுத்தேன். நெம்பப் பணிவான ஆளுக.

– என்னத்துக்கு வந்தாங்க?

– 'எங்க போட்டோவப் பிரிச்சு வெக்கச் சொன்னது யாருங்க?'ன்னு கேட்டாங்க. ரெண்டு பேருமே.

– நீங்க என்ன சொன்னீங்க?

– உங்க பேரு அப்ப எனக்குச் சட்டுனு வரல அன்பு. 'உங்க மும்முனையில ஒருத்தருதானுங்க, பக்கத்துலயே நின்னு பிரிச்சு வெக்கச் சொன்னாரு'ன்னேன். நீங்கதான 'மூணாவது ஆளு நான்தான்'னு சொன்னீங்க. 'அப்படீங்களா, சந்தோசமுங்க'ன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிப்போட்டு, டீ டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போனாங்க.

– அக்கா.

– அட சாமி. இருங்க. அப்ப பிரிக்கச் சொன்னது அவருன்னு இவரு நெனச்சு, இவருன்னு அவரு நெனச்சு... ஒருத்தருக்கொருத்தரு போன் பண்ணி 'ஏண்டா இப்படிப் பண்ணுன'ன்னு கேக்க மாட்டாங்களா?

– எப்படிங்க நேராக் கேக்கறது. மனசு சங்கடப்படுமல்லங்க.

– நாசமாப் போச்சு. இந்த ஊருல மரியாதையிலயே மனுசனக் கொன்னுபோடுவாங்க.

– மேடம், ஒரு நிமிசம். இத இவ்வளவு எளிமையாப் பாக்கக்கூடாது. பத்து வருசத்து கலைக்கூட்டணி ஒரு பிளெக்ஸால ஒடையாது. வரலாறு அத ஒத்துக்காது.

– வரலாறு ஒத்துக்காட்டிப் போகட்டும் கண்ணு, என்ற கம்ப்யூட்டரு ஒத்துக்குது.

– கட்டுரையில அழகியல் விரிசல்னு பதினேழு எடத்துல எழுதியிருக்கேன். பிளெக்ஸ்னு ஒரு எடத்துல கூட இல்ல. தலைவரே, நான் சொல்றதக் கேளுங்க. இது வெளிய தெரிஞ்சா மும்முனைய ஒடச்சது மும்முனை ரசிகர் மன்றம்னு ஆயிடும். நீங்க தலைவரு. யோசிச்சுப் பாருங்க. பேசாம இருந்துட்டா அவங்க ஒரு புதிராவே நின்னுடுவாங்க. அதான் அவங்களுக்கும் கௌரவம்.

– அன்பு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க வாயத் தெறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெட்டாத அந்த முழுப் போட்டோவ அப்படியே பெருசா அடிச்சு மண்டப வாசல்ல கட்டிருவோம். ரெண்டு பேரும் வந்து நின்னதும் அவியளுக்கே புரிஞ்சு போயிரும். பிரிச்சது நாந்தான்னு வேண்ணா என்ற மேல பழியப் போடுங்க. டீ வாங்கிக் குடுத்தவதான, கோவிச்சுக்க மாட்டாங்க.

– அந்தப் போட்டோ இன்னும் இருக்குதுங்களா?

– நான் எதையும் அழிக்கறதில்ல. இதோ. நல்லாத்தான் இருக்குது, எவ்வளவு சிரிப்பு பாருங்க. ரெண்டு பேரு கையும் நடுவால நிக்கறவன் தோளு மேலதான் கெடக்குது. தலையில துண்டு, ஓட்டப் பனியன், முட்டி வரைக்கும் சேறு, மொகத்துல பாதி டின்னு மறைச்சிருக்கு. இவன் வாயத்தான் பாரு, காது வரைக்கும் போயிருக்குது.

– மேடம், படம் ஓகே. ஆனா அந்த வாச்மேன மட்டும் எடுத்துடுங்க. ஃபிரேம் கெடுது.

– இவன எடுத்துத்தான் தம்பி இத்தனை கூத்து. எடுத்தா மறுபடியும் கை அந்தரத்துல நிக்கும். அன்பு, மூணு மணியாகப் போகுது. வாச்மேன் இருக்கட்டுமா, வேண்டாமா? உங்க வெள்ளைச் சட்டை போட்டோவ எந்தப் பக்கம் வெக்கட்டும்?

– வெள்ளைச் சட்டை வேண்டாங்க்கா. அந்தத் தோட்டம் என்றதில்லீங்க, நான் காவலுக்குப் போற எடம். அந்தப் பனியன்காரன் நான்தானுங்க.