ஜக்குக்கு ஆறு டம்ளர்: ஈரக்கை டீச்சருக்கு எங்கள் பணிநிறைவு மடல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பிஞ்சுக் கைகளின் பெருந்துணையே! கரும்பலகையைக் காட்டிக் கண்ணை மட்டும் களைப்பூட்டாமல், களிமண்ணைக் கொடுத்துக் கையையும் வகுப்புக்குள் அழைத்த கனிவே! கூட்டலைக் கூழாங்கல்லிலும், கழித்தலைக் காய்ந்த விதையிலும், காலக் கணக்கை அட்டைக் கடிகாரத்திலும் காட்டித் தந்த கைவண்ணமே! காலையில் வந்ததும் குழந்தைகள் ஊற்றி அளக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு, அதே ஈரக் கையோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மேலே கீழே இருப்பவர்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டு, தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியே பணிக்காலத்தைக் கடத்திய எங்கள் ஈரக்கை டீச்சர் அவர்களே! வணக்கம்.

கண்ணாடிச் சட்டம் போட்டுத் தங்கள் கையில் தரப்போகும் மடல் இது அல்ல. அது வேறு. அச்சகத்திலிருந்து பளபளவென்று வந்துவிட்டது. பள்ளியின் தாளாளர் ஐயா வரிக்கு வரி பார்த்து ஒப்புதல் தந்தது. அவர் விழாவுக்கு வர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குள் நாங்களாக எழுதியதை வாசித்துவிடுகிறோம். பாராட்டு மடலில் அழுகை ஆகாது என்று சங்கீத டீச்சர் எல்லோரையும் எச்சரித்தார். ஒத்திகையில் முதல் வரியிலேயே அவர் தேம்பித் தேம்பி அழுததால், வாசிக்கும் பொறுப்பு பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் என் தலையில் விழுந்தது.

பதவி உயர்வு தேடி வந்தபோதெல்லாம், "மேல் வகுப்புக்குப் போனா என்னை யாரு சேத்துல உக்கார விடுவா?" என்று தட்டிக் கழித்து, பணியில் சேர்ந்த நாள் முதல் இரண்டாம் வகுப்பையே இறுகப் பற்றிக்கொண்ட இணையற்றவரே! மாடிப்படிக்கு அடியில் உடைந்த பெஞ்சுகள் குவிந்து கிடந்த அறையைக் கெஞ்சி வாங்கி, பெருக்கித் துடைத்து, செயல்வழி அறை என்று பெயர் சூட்டினீர்கள். சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் டப்பா மூடிகளைக் கட்டினால் தராசு. ஈரப் பஞ்சில் விதையைப் புதைத்தால் தோட்டம். வெயிலில் நிற்கவைத்து ஒருவர் நிழலை மற்றவர் சாக்பீஸால் வரையச் சொல்வீர்கள். இடைவேளை முடிந்து போய் நின்றால் நிழல் பொருந்தாது. "டீச்சர், என் நிழலை யாரோ நகத்திட்டாங்க!" என்று மூச்சிரைக்க ஓடி வருவார்கள். "அப்படியா? யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வா, ரெண்டு பேருமா திட்டுவோம்" என்று திருப்பி அனுப்புவீர்கள்.

விடையைத் தாங்கள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அறையின் நீளத்தைப் பாதத்தால் அளக்கச் சொன்ன அந்த வாரத்தை மறக்க முடியுமா? ஆளுக்கொரு பாதம், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கூச்சல். இரண்டு பேர் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிரித்துவிட்டீர்களே தவிர, எது சரி என்று மூச்சு விடவில்லை. கடைசியில் குழந்தைகளே கூடிப் பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே கால் வேண்டும் என்று முடிவு செய்து, உடற்பயிற்சி ஆசிரியரிடம் போய் அவருடைய ஒரு செருப்பைக் கடன் கேட்டார்கள். அன்று மாலை வரை அவர் மற்ற செருப்போடு நொண்டி நொண்டி விசில் ஊதினார். அளவு என்ற ஒன்று மனிதர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது எங்களில் பலருக்கும் அன்றுதான் உறைத்தது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் வீட்டுக்காரரிடமும் தங்களைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை கேட்டோம். "வீட்லயும் இதே கூத்துதாங்க. பொத்தான் தைச்சுக் குடும்மான்னா, ஊசியை என் கையில குடுத்துட்டு எதிர்ல உக்காந்துக்குவா. சட்டையைப் பேன்ட்டோட சேத்து வச்சுத் தைச்சேன், பாத்துக்கிட்டே இருந்தா. இப்போ எங்க தெருவுக்கே நான்தான் பொத்தான் தைக்கறேன்" என்றார். அதையே நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் வாழ்த்திவிட்டு இறங்கினால் விழா நன்றாகத்தான் இருக்கும். மனசு கேட்கவில்லை டீச்சர்.

இந்தப் பள்ளியாண்டின் நடுவில் மதிப்பீட்டு அலுவலர் வந்தார். பாடநூலில் ஒரு ஜக்கின் படம் இருக்கிறது, பக்கத்தில் ஆறு டம்ளர்களின் படம் இருக்கிறது. அவர் பையிலிருந்து நிஜமான ஜக் ஒன்றையும் டம்ளர் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்து, இதில் எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கும் என்று ஒவ்வொரு குழந்தையாகக் கேட்டார். தங்கள் வகுப்புக் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஊத்திப் பாத்தாதான் சார் தெரியும். தண்ணி குடுங்க." அவர் நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "தண்ணியெல்லாம் கிடையாது கண்ணு, மேசை நனைஞ்சிடும். தெரியுமா தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'விடை தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். தராசுக் கேள்விக்கும் அதே கதி, நிழல் கேள்விக்கும் அதே கதி. வட்டாரத்திலேயே கடைசி இடம் எங்கள் இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

மறுநாளே செயல்வழி அறைக்குப் பூட்டு. தாங்கள் தாளாளர் அறைக்குப் போனீர்கள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டீர்கள். தங்களுக்காக எதையும் கேட்கவில்லை. தாங்கள் போன பிறகும் அடுத்து வரும் குழந்தைகளுக்கு அந்த அறை திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. "மறு மதிப்பீட்டுல முழு மதிப்பெண் வாங்கிக் காட்டுங்க டீச்சர். அறையை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். நான் குடுக்கற வாக்கு" என்றார் அவர். வெளியே வந்ததும் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு" என்றீர்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் முழுவதுமாகக் கேட்டேன். "ஜக்குக்கு?" என்பீர்கள். "ஆறு டம்ளர்!" என்று வகுப்பே கத்தும். "பஞ்சா கல்லா, எது கனம்?" "கல்லு!" "மத்தியான நிழல்?" "குட்டை!" தொட்டியில் தண்ணீர் இல்லை. வருகைப் பதிவேட்டில் தங்கள் கையெழுத்து, அச்சடித்ததுபோல் தெளிவாக விழுந்தது. தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தார்.

ஒரு நாள் மதியம், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஏன் பாப்பா என்று தாங்களே செல்லப் பெயர் வைத்த சிறுமி எழுந்தாள். "டீச்சர், எந்த ஜக்குக்கு ஆறு?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வி வந்தால் குழந்தையைத் தூக்கி மேசைமேல் நிற்கவைத்து எல்லோரையும் கை தட்டச் சொல்லும் தாங்கள், "எந்த ஜக்கா இருந்தா உனக்கென்னடி? ஆறுன்னு சொல்லு, உக்காரு!" என்று அதட்டினீர்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேள்வியே கேட்கவில்லை. அன்று ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கழுவும் தொட்டியருகே கொண்டுபோனீர்கள். "ஒரு நிமிஷத்துல உக்கார வச்சுட்டேன். அவளை எழுந்து நிக்க வைக்க எனக்கு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

மறு மதிப்பீட்டு நாள் வந்தது. அலுவலரின் பழைய ஜக் உடைந்துபோய்விட்டதாம். புதிதாக ஒன்று கொண்டுவந்தார், ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. ஆறு டம்ளர் அதற்குப் போதாது என்று பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்தது. குழந்தைகளுக்கு ஒரு கலக்கமும் இல்லை. அந்த ஜக்கை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஆறு, ஆறு, ஆறு. ஏன் பாப்பாவும் ஆறு என்றாள். அத்தனையும் சரி என்று குறி போட்டார் அவர். தாங்கள் எழுந்து போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே டம்ளர் டம்ளராக அந்த ஜக்கில் ஊற்றினீர்கள். பதினொன்றாவது டம்ளருக்கும் இடம் இருந்தது. "விடைக்குறிப்புல ஆறுன்னுதான் இருக்கு டீச்சர், நான் என்ன பண்ணட்டும்?" என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டு, நனைந்த தாள்களை உதறி எடுத்துக்கொண்டு போனார். முழு மதிப்பெண். வட்டாரத்தில் முதலிடம்.

சாவி வாங்கப் போனீர்கள். அன்றும் நான்தான் துணை. தாளாளர் எழுந்து நின்று கைகூப்பி வரவேற்றார். "அறை இல்லாமலே முழு மதிப்பெண் வந்துடுச்சே டீச்சர்! அப்புறம் அறை எதுக்கு?" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை, உண்மையான சந்தோஷம் இருந்தது. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. "வாக்கு குடுத்தீங்களே ஐயா" என்றீர்கள். "பிள்ளைங்க படிக்க அறை வேணும்னுதான் அப்போ நானும் நெனச்சேன். நீங்கதானே வேணாம்னு நிரூபிச்சுக் காட்டினீங்க!" என்றார். சண்டை போட வாய் திறந்தேன். தாங்கள் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டீர்கள். "அவர் சொல்றது சரிதாம்மா. அறை இல்லாமலே முடியும்னு அவரை யாராலயும் நம்ப வைக்க முடியல. நான் நம்ப வச்சுட்டேன்" என்றீர்கள்.

அறையிலிருந்து அகற்றி நடையோரத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த தராசுகளும் அட்டைகளும் சென்ற வாரம் குப்பை வண்டியில் போய்விட்டன. ஆயாம்மா ஒரு தராசை மட்டும் எடுத்து வைக்கலாம் என்று தங்களிடம் வந்து கேட்டபோது, வேண்டாம் என்று தலையசைத்தீர்கள். மாடிப்படி அடி அறையில் வரிசையாகப் பெஞ்சு போட்டாகிவிட்டது. வரும் ஆண்டிலிருந்து ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரும் அங்கே உட்கார்ந்து விடை ஒப்பிக்கப் பழக வேண்டும். சட்டம் போட்ட மடலில் பெரிய எழுத்தில் பாராட்டியிருப்பது அந்த ஒப்பிப்பைத்தான். அந்தக் குமுறலில்தான் இதை எழுதினோம்.

அன்பின் ஆழமே! பொறுமையின் பொலிவே! நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தித்தான் மடலை முடிக்க வேண்டும். நெஞ்சில் இந்தப் பாரத்தோடு நூறாண்டு என்றால் அது வாழ்த்தாகுமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆகவே ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டோம். உடம்பு நன்றாக இருக்கட்டும், ராத்திரியில் தூக்கம் வரட்டும், வீட்டுக்காரர் பொத்தான் தைத்த சட்டைகள் பிரியாமல் இருக்கட்டும் என்று மனதார வேண்டுகிறோம்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. தாளாளர் ஐயா வந்துவிட்டார், சீக்கிரம் முடிக்கிறேன். தங்களிடம் இன்னும் ஒருவரும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. இப்போது எல்லோரையும் மாடிப்படிக்கு அடியில் அழைத்துப் போவார்கள். கதவுக்கு மேல் துணி போட்டு மூடிய பலகை இருக்கும். திரையின் கயிற்றைத் தங்கள் கையில் கொடுப்பார்கள். அந்த ஒப்பிக்கும் அறைக்குத் தங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் டீச்சர். வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தோம், கௌரவம் என்றார்கள். தாங்கள் கயிற்றை இழுக்கும்போது எங்களில் ஒருவரும் கை தட்ட மாட்டோம். தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தங்களோடு பணிபுரியும் பேறு பெற்ற,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், அலுவலகத்தார், ஆயாம்மா