தேறியவர்கள் போன இடம்

பிறையிலிருந்து பினாங்குக்கு வரும் படகில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், மற்றவர் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். வாத்தியார் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"நல்லாப் படிச்ச பிள்ளைங்களாலதான்ணே என் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு!"

"என்ன வாத்தியாரே பேசுறீங்க?"

"பின்ன என்னண்ணே? பரீட்சையில தேறுன பிள்ளைய மறுநாளே கங்காணி புல்லு வெட்ட இழுத்துட்டுப் போயிர்றாரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சுருச்சு, போதும்ங்கிறாரு. தேறாததுதான் எங்கிட்ட மிச்சம். அடுத்த வருசம் இன்ஸ்பெக்டர் வந்து அதுங்களையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறாரு. பள்ளிக்கூடம் வளரவே இல்லைன்னு எழுதிட்டுப் போறாரு."

"தேறுனவங்க எங்கன்னு சொல்றதுதானே?"

"சொன்னேனே! வகுப்புல இருக்கறவங்கதான் கணக்காம்."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒரு நல்ல பிள்ளைய வேணும்னே தப்பா எழுதச் சொல்லுங்களேன்."

"அதையும் பாத்துட்டேன். அஞ்சலைன்னு ஒரு பொண்ணு, கணக்குல புலி. தப்பா எழுதும்மா, இன்னும் ஒரு வருசம் படிக்கலாம்னு கெஞ்சுனேன். தலைய ஆட்டுச்சு."

"எழுதுச்சா?"

"எல்லாத்தையும் சரியா எழுதி வச்சிருக்கு. ஏம்மான்னா, விடை தெரியுதே ஐயா, எப்படித் தப்பா எழுதுறதுன்னு அழுவுது."

படகு துறையை நெருங்கிச் சங்கு ஊதியது. வாத்தியார் எழுந்து வேட்டியை உதறினார்.

"இன்னிக்கு வர்ற வழியில பாத்தேன். கையில அரிவாளோட எந்திரிச்சு நின்னு, வணக்கம் ஐயாங்குது."