அளவு தப்பின ஓடுபாதை

உக்காருங்க தம்பி, நின்னுக்கிட்டே கேட்டா மட்டும் கிரவுண்டு சாவி கெடச்சிடுமா? தேடிக்கிட்டுத்தானே இருக்கேன். இந்தக் கொத்துல எது எந்தப் பூட்டுக்குன்னு எனக்கே மறந்து போச்சு. இது பந்து வைக்கற பெட்டிக்கு. இது எதுக்குமே ஆகாது, தூக்கிப் போட மனசு வரல. நீங்க இஞ்சினியர், நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். இன்னைக்கே கிரவுண்டத் தோண்டுன்னு சேர்மன் அனுப்பிட்டாரு, பின்னாடி கேட்டுல மெஷின் நிக்குது. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

கையில இதுவா? சுண்ணாம்பு. நேத்து சாயங்காலம் கொஞ்சம் வேலை இருந்துச்சு. எத்தன தடவ கழுவினாலும் போக மாட்டேங்குது.

ஜன்னலத் தொறக்க முடியாது தம்பி, அலமாரி மறைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. வேர்க்குதுன்னா ஃபேன் போடறேன்.

பூட்ட ஒடைக்கறதா? ஒடைங்க. நாளைக்குக் கேள்வி வந்தா உங்க பேரத்தான் எழுதுவாங்க, சேர்மன் பேர எவன் எழுதுவான்? அதான் சொல்றேன், பொறுமையா இருங்க. எதத் தோண்டப் போறோம்னாவது தெரிஞ்சுக்கிட்டுத் தோண்டுங்க.

காலேஜ் ஆரம்பிச்சப்ப அது குப்பமேடு. மொத பேட்ச் பொண்ணுங்க நாங்கதான் கல்லு பொறுக்கினோம். ஆமா, நானும்தான். இன்னைக்கு கோச்சுன்னு விசில் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அன்னைக்கு ஒல்லிக்குச்சி. எங்களுக்குக் கோச்சுன்னு தனியா யாரும் கெடையாது. கணக்கு வாத்தியார்தான் எல்லாம். மனுஷன் பஸ்ஸுக்குக் கூட ஓடினதில்ல, ஆனா பொண்ணுங்கள ஓட வச்சே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அவரே கயிறு புடிச்சு அளந்து டிராக் போட்டாரு. அங்கதான் கோட்ட விட்டுட்டாரு.

உள்பக்கம் ஒரு வாய்க்கா ஓடும். அத ஒட்டி அளந்துட்டு, கோட்ட வாய்க்காவுக்கு வெளிய தள்ளிப் போட்டுட்டாரு. அதனால எங்க ஒரு சுத்து, ஊர்ல உலகத்துல இருக்கற சுத்த விடக் கொஞ்சம் நீளம். இது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எவ்ளோ ஓடினாலும் நேரம் தேறாது. நமக்கெல்லாம் இது லாயக்கில்லன்னு அழுதுட்டு மறுநாள் காலைல வந்து திரும்ப ஓடுவோம்.

அப்புறம் வெளிய ஒரு போட்டிக்குப் போனோம். ஆயிரத்தைநூறு மீட்டர். நான் பாட்டுக்கு ஓடறேன், எங்க கிரவுண்டு நீளத்துக்குப் பழகின காலு, கோடு இன்னும் வரலன்னு ஓடறேன். பின்னாடி எல்லாரும் நில்லு நில்லுன்னு கத்தறாங்க. ஏதோ தப்பு பண்ணிட்டோம் போலன்னு பயந்து இன்னும் வேகமா ஓடறேன். ஒரு அம்மா குறுக்க வந்து கையப் புடிச்சு நிறுத்தி, அடிப் பொண்ணே, நீ எப்பவோ ஜெயிச்சிட்டேங்கறாங்க.

சிரிக்கறீங்க இல்ல? சிரிங்க. பின்னால ஒரு அதிகாரி வந்து அளந்து பாத்துட்டு விஷயத்தப் போட்டு ஒடைச்சாரு. வாத்தியாருக்கு மொகமே செத்துப் போச்சு. மாத்திடறேன்னாரு. அத மட்டும் தொடாதீங்க சார்னு நாங்கதான் மல்லுக்கு நின்னோம். அன்னையிலிருந்து அதுதான் எங்க வழக்கம். புதுசா வர்ற பொண்ணுகிட்ட யாரும் சொல்ல மாட்டோம். வெளிய போயி, கோட்டத் தாண்டி ஓடி, அவளாத் தெரிஞ்சுக்கணும்.

என்ன சத்தமா? மாடியில ஏதாவது கதவு காத்துல அடிச்சிருக்கும்.

ம்? இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. எதுல விட்டேன்? ஆங், சேர்மனோட அப்பா, இந்தக் காலேஜ ஆரம்பிச்சவரு. தங்கமான மனுஷன். மாநில டீம்ல நம்ம பொண்ணு ஒருத்தி இருக்கற வருஷம் இந்த மண்ண யாரும் தொடக்கூடாதுன்னு விதியே எழுதி வச்சுட்டுப் போனாரு. வருஷா வருஷம் ஒருத்தியாவது இருந்தா. இப்பத்தான் யாரும் இல்ல. எப்படி இருப்பா? வெளிய போட்டிக்குப் போக வண்டி குடுக்க மாட்டேன்னு மகன் நிறுத்திட்டாரே. குருவின்னு ஒரு பிள்ள இருக்கா, அவ நெஜப் பேரே எல்லாருக்கும் மறந்து போச்சு. இந்த கிரவுண்டு சுவத்தத் தாண்டி எங்கயும் ஓடினதில்ல. டீம்ல சேர்றதுக்கு ஒரு நேரம் வச்சிருக்காங்கல்ல, தெனமும் அதுல ஒரு மயிரிழைல தவற விட்டுட்டு, வாய்க்கா மேட்டுல உக்காந்து அழுவா. டிராக்தான் நீளம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா சொல்லல.

தேர்வுக் குழுவா? ஆமா, மாநில டீமுக்கு ஆள் எடுக்க ஒவ்வொரு காலேஜா அவங்களே வருவாங்க. கிரவுண்டு இல்லன்னா வர மாட்டாங்க. அடுத்த வாரந்தான் எங்க முறை. அதுக்கு முன்னாடி தோண்டிடணும்னுதானே உங்க சேர்மனுக்கு இவ்ளோ அவசரம். அவரு என்ன லேசுப்பட்ட ஆளா.

ஓட்டத்த ஆரம்பிச்சு வைக்கற துப்பாக்கியா? அதெல்லாம் எங்க காலேஜ்ல ஏது. ஒடஞ்ச பெஞ்சுல ரெண்டு பலகைய எடுத்து வச்சிருக்கோம். டப்புனு ஒண்ணோட ஒண்ணு அடிச்சா ஓட ஆரம்பிக்கணும்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?

சரி. அது கதவு இல்ல. அலமாரியயும் இன்னைக்குக் காலைலதான் ஜன்னலுக்கு முன்னாடி தள்ளினோம், இடுப்பு போச்சு. குழுவக் கெஞ்சிக் கூத்தாடி இன்னைக்கே வரச் சொன்னது நான்தான். நேத்தே அவங்க ஆளுங்க அளவு நாடாவோட வந்து, சரியான அளவுக்குப் புதுக் கோடு போட்டாங்க. சுண்ணாம்ப நான் தூவினேன். குருவி இன்னும் பழைய கோடுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. சொன்னா கால் தயங்கும், அதான் சொல்லல. எனக்கு மட்டும் ஆசை இல்லையா போயிப் பாக்க? நான் அங்க போனா நீங்களும் பின்னாடியே வந்து நிறுத்திடுவீங்களே.

உங்க போன் அடிக்குது பாருங்க. மெஷின் டிரைவரா? எடுங்க, பரவால்ல. என்னவாம்? உள்ள ஆளுங்க கத்தறாங்களா? என்னன்னு கத்தறாங்களாம்? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

நில்லுன்னா?

நில்லு நில்லுன்னு கத்தறாங்களா?

இருங்க, இந்த நாற்காலியில கொஞ்சம் உக்காந்துக்கறேன். கோடு தாண்டினது தெரியாம ஓடிக்கிட்டே இருக்கா. பாவம், யாராவது போயி அவ கையப் புடிச்சு நிறுத்துங்களேன். இந்தாங்க சாவி, விசில் கயித்துலயேதான் கெடந்துச்சு. நீங்களே போயித் தொறங்க. போற போக்குல சேர்மனுக்கு ஒரு போன் போட்டு, இந்த வருஷம் மெஷின் வேண்டாமாம்னு சொல்லிடுங்க.